கம்ப்யூட்டர் அடங்க இருபது புள்ளி

கம்ப்யூட்டரை ஓடவைப்பது யாருக்கும் வரும். நிறுத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து ரயிலுக்கு ஓடியவர்களே, உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் நான் ஆபரேட்டர். பேக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். மேனுவலைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தவன்.

கறுப்புத் திரை

காலை ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தக் கட்டளை கொடுப்பேன். உள்ளே ஒவ்வொன்றாக மூடிவிட்டு அது அடங்கக் கால் மணி நேரமாகும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. அடங்கியதும் அறையின் மெயினை அணைத்துவிட்டுத்தான் எலக்ட்ரீசியன் கன்னியப்பன் வீட்டுக்குப் போக முடியும். ஒன்பதுக்குப் பகல் ஆபரேட்டர் வரும்வரை அங்கே கரண்ட் கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

ஒருநாள் நான் முகம் கழுவப் போன நேரத்தில், திரைதான் கறுப்பாக இருக்கிறதே என்று கன்னியப்பன் மெயினை அணைத்துவிட்டார். டிஸ்க் கெட்டு, டெலிவரி லிஸ்ட் அச்சாகாமல், மத்தியானம்வரை லாரிகள் கேட்டில் நின்றன. மேனேஜர் கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ பழையபடி பேக்கிங்குக்கே போயிடுப்பா" என்றார்.

பதினேழாவது புள்ளி

உள்ளே ஒரு புரோகிராம் மூடியதும் திரையில் ஒரு புள்ளி விழும்படி எழுதினேன். மொத்தம் இருபது. கன்னியப்பன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கோலத்துக்கு எண்ணுவதுபோல எண்ணுவார். பதினாறுவரை மளமளவென்று வரும். பதினேழாவது மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு வராது. அவர் கை மெயின் பக்கம் போகும். "அண்ணாத்தே, கையை எடு!" என்று பாய்வேன்.

"உசுரு போயிட்ச்சு நைனா, இன்னாத்துக்கு இன்னும் நாடி புட்ச்சிகினு கீறே?"

பொய்ப் புள்ளி

வேலையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. உள்ளே என்ன நடந்தாலும் பத்து விநாடிக்கு ஒரு புள்ளி, மெஷின் அடங்கினால்தான் நிற்கும் என்று மாற்றினேன். கன்னியப்பன் சாந்தமானார். ஆனால் முதல் நாளே புள்ளிகள் நிற்காமல் வரிவரியாக விழுந்துகொண்டே இருந்தன. ஆறரை பட்டாபிராம் ரயில் போனது, ஏழரையும் போனது. எட்டுக்கு மேனேஜர் உள்ளே வந்தார். அட்டைப்பெட்டிப் பசை வாசனையே எனக்கு அடித்துவிட்டது. அவர் திரையைப் பார்த்து, "அட, நல்லா ஓடுதே, தொந்தரவு பண்ணாதே!" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. என் புள்ளி புரோகிராம், மெஷின் அடங்கக் காத்திருந்தது. மெஷினோ, அந்தப் புரோகிராம் முடியட்டும் என்று காத்திருந்தது. புள்ளியை நிறுத்தினேன், அரை நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. கன்னியப்பன் மெயினை அணைத்துக்கொண்டே சொன்னார்: "அது உனுக்கோசரம் காத்துகினு கீது, நீ அதுக்கோசரம் காத்துகினு கீறே, நடுவுல என் ஊட்ல இட்லி ஆறிப்போச்சு நைனா!"

கோளாறை மறுநாளே சரிசெய்துவிட்டுப் பொய்யை மட்டும் விட்டுவைத்தேன். ஆறு வருஷம் என் வேலையைக் காப்பாற்றியது அதுதான்.