ஸ்டேட்டஸில் வைத்த பாட்டு

இன்று காலை மடுகரை பஸ்ஸில் சிரித்த சிரிப்பு என்னை எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது பாருங்கள்!

என் உயிர்ப் பாடகர் புதுப் பாட்டு விட்டிருக்கிறார். ஓட்டு கேட்க மட்டும் ஊருக்குள் வரும் தலைவரைப் பற்றிய கானா. அவர் பேனர் கட்டிய கம்பத்தில் விளக்கு எரிவதில்லை என்று ஓர் இடம் வரும். அங்கே குரலில் ஒரு கேலி வைத்தார் பாருங்கள், அடடா! ஆறு தடவை கேட்டேன். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்ததுகூட உறைக்கவில்லை.

அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். மேலே ஒரு வரி: 'நம்ம ஊருக்கே எழுதுன மாரி இருக்கு!'

(அந்த வரி எதுக்குடி உனக்கு?)

வழக்கமாக என் ஸ்டேட்டஸைக் கட்சிக்காரர்கள் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருப்பேன். நேற்று எங்கள் ஏரியா தலைவருக்குப் பிறந்தநாள். அவர் சிபாரிசில் கவர்மென்ட் ஆபீஸில் இருக்கும் என்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாக வேண்டும். யாரும் உத்தரவு போடமாட்டார்கள். வைக்காதவர் யார் என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்று மறைப்பை எடுத்தேன்.

மறுபடி போட மறந்தே போனேன்!

ஆபீஸில் உட்கார்ந்து, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று பார்த்தால் முதல் பெயரே பாஸ்கர் அண்ணன். தலைவரின் வலதுகை. எங்கள் வேலை லிஸ்ட்டில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் அவர்தான்.

பக்கத்து சீட் கலாவிடம் காட்டினேன்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? போன மாசம் இந்த மாரி ஸ்டேட்டஸுக்குத்தான ஒருத்திய வேலைய விட்டு நிறுத்துனாங்க? மொதல்ல தூக்குடி!"

தூக்கப்போன நேரத்தில் போன் அடித்தது. பாஸ்கர் அண்ணனேதான்!

"இன்னாமா, பாட்டு சூப்பரா இருக்குதே?"

"சும்மா வச்சேண்ணா... தூக்கிடறேண்ணா."

"ஏம்மா தூக்குற? இருக்கட்டும். தலைவரும் பாக்கட்டும்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். சிரிக்கிறவரிடம் என்னவென்று கேட்பது?

வெள்ளிக்கிழமை புது லிஸ்ட் வருகிறது. என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பாட்டு ஸ்டேட்டஸில் அப்படியே இருக்கிறது. தூக்கினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. விட்டால் திமிர் என்பார்கள். இயர்போனில் திரும்பவும் கேட்டேன். அந்த விளக்குக் கம்பம் வந்தபோது சிரிப்பு வரவில்லை, வாசலைத்தான் எட்டிப் பார்த்தேன்.

தூக்கட்டுமா, விடட்டுமா? சொல்லுங்களேன்.

கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில்.

(இந்தப் பதிவை யாரெல்லாம் பார்க்கலாம் என்று மூன்று தடவை செக் செய்துவிட்டேன். இருந்தாலும் யாரும் லைக் போடாதீர்கள். போட்டவர் பெயரும் தெரியும்!)