காசியம்மா ஜீப்புக்கு நான் செய்த உபகாரம்

“வண்டி ஓடையில நின்னுடுச்சு மேஸ்திரி. நாலு சக்கர லிவர் போட்டேன், லிவரு திரும்ப வெளிய வர்ல. அவரும் உள்ளதான் இருக்காரு.”

ஜவ்வாது மலையில் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றின் மேல் ஏறி நின்று காசியம்மா போனில் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷம் ஜீப் ரிப்பேர் வேலை பார்த்த நான் சொன்ன முதல் பதில் இது: “நீ சரியா போட்டிருக்க மாட்டம்மா.” பழுதை ஓட்டுகிறவர் தலையில் கட்டுவதை எங்கள் தொழிலில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தானாக வந்துவிடும்.

அவர் என்றது அவள் புருஷன் வெள்ளையனை. இரண்டு கிட்னியும் போனவர். செவ்வாயும் வெள்ளியும் திருவண்ணாமலையில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டிவிடும். அவர்கள் ஊரிலிருந்து தார் ரோடு வரைக்கும் கல்லும் சேறும், நடுவில் அந்த ஓடை. அதில் இறங்கி ஏறும் வண்டி காசியம்மா ஓட்டும் பழைய ஜீப் ஒன்றுதான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

இரண்டு நாள் முன்புதான் அந்த ஜீப் திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் இருக்கும் என் பட்டறையை விட்டுப் போயிருந்தது. வரும்போது ஒரே குறை. பின்பக்க ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை ஒடிந்திருந்தது. அதை மாற்றி அனுப்பியிருந்தால் கதையே இல்லை.

எனக்கு அப்போது வேறு ஒரு வியாதி. செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து, செல்போனில் வீடியோ காட்டி, இதே மாதிரி உயரமாகத் தூக்கிக் கொடுங்கள் என்பார்கள். அந்த வண்டிகள் ஆயுசில் ஏறும் பெரிய மேடு வேகத்தடைதான். அந்த வேலையையே செய்து அலுத்துப்போனவனிடம் நிஜமாகவே மலை ஏறும் ஜீப் ஒன்று வந்தால் விடுவேனா?

“எல்லாத்தையும் ஸ்ட்ராங்கா பண்ணிடலாம்மா. அப்புறம் வண்டியப் பத்தி கவலையே பட வேணாம்.”

“இப்பவும் படலியே மேஸ்திரி,” என்றாள்.

காதில் வாங்கினேனா? சேற்றைப் பிடிக்கக் கட்டை கட்டையாக மேடு வைத்த பெரிய பட்டன் டயர் நாலு மாட்டினேன். சாமை மூட்டை ஏற்றுவாளே என்று பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். பெரிய டயருக்குப் பழைய ஆக்ஸில் தாங்காது என்று, பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டுப் பிந்தைய மாடல் ஒன்றின் ஆக்ஸிலைப் பொருத்தினேன். முன் ஆக்ஸில் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். டிரையல் எங்கே? கிரிவலப் பாதையில், வழுவழு தார் ரோட்டில் ஒரு சுற்று. அடி அண்ணாமலையில் நிறுத்தி டீயும் குடித்தேன். நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் லிவரை நான் தொடவே இல்லை. வண்டி ஊருக்குத் திரும்பிய அன்று ஓடையில் தண்ணீர் குறைவு, காசியம்மாவுக்கும் அது தேவைப்படவில்லை.

பைக்கில் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஊர்க்காரர்கள் கயிற்றோடு நின்றிருந்தார்கள். வெள்ளையன் முகம் வீங்கி, பின்சீட்டில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். முன் சக்கரங்களைச் சுழற்றும் முன் ஷாஃப்ட் முறுக்கேறி இறுகிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட ஆக்ஸிலில் பல்சக்கரத்தின் பல் கணக்கு வேறு, முன் ஆக்ஸிலில் வேறு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தபோது முன்னது ஒரு வேகம், பின்னது ஒரு வேகம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. இந்தத் தொழிலில் முதல் வருஷமே தெரிந்துகொள்கிற சங்கதி.

முன் ஷாஃப்டைக் கழற்றியதும் லிவர் தானாக வெளியே வந்தது. ஊர்க்காரர்கள் இழுக்க, வண்டி கரையேறியது.

“தப்பு என்னுதும்மா,” என்றேன்.

“அத அப்புறம் பேசிக்கலாம். பின்னாடி ஏறி அவரப் புடிச்சிக்கினு உக்காருங்க,” என்றாள்.

ஜீப்பின் பின்சீட்டில் நான் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மூட்டை இல்லாத வண்டியில் நான் சேர்த்த பட்டைகள் கொஞ்சமும் வளையவில்லை. ஒவ்வொரு கல்லும் நேராக முதுகில் இடித்தது. வெள்ளையன் டயாலிசிஸ் ஊசி குத்தும் கையை நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். வண்டி தூக்கிப்போடும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடினார்.

“ரொம்ப அடிக்குதாப்பா?”

“முன்ன இவ்ளோ இல்லீங்க,” என்றார். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஆனா வண்டி நல்லா ஸ்ட்ராங் ஆயிடுச்சிங்க.”

அடுத்த கல் வருவதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் என் கையைக் கொடுத்தேன்.

தாமதமாகப் போனாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மெஷினில் படுத்திருந்த நாலு மணி நேரத்தில், பட்டறை ஆட்கள் எல்லோரையும் போட்டு, நான் செய்த உபகாரம் முழுவதையும் கழற்றினேன். பழைய ஆக்ஸில், பழைய டயர், ஒடிந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றிய பழைய ஸ்பிரிங் கட்டு, ஓடையில் கழற்றிய முன் ஷாஃப்ட் எல்லாம் திரும்ப ஏறின. ஊருக்குத் திரும்பும்போது வெள்ளையன் பின்சீட்டிலேயே தூங்கிவிட்டார் என்று மறுநாள் காசியம்மா போனில் சொன்னாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே யோசனை. டயர், ஆக்ஸில், ஸ்பிரிங் எதை மாற்றினாலும், அந்த வண்டி போகிற பாதையில், அதில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவர் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து போய்விட்டு வாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், வண்டி நல்லா இருக்கிறதென்று.