வெண்கலப் பெண்கள் இருவர்

ஆளுக்கு ஒரு முழ உயரம். தங்கமுலாம் பூசிய வெண்கலப் பெண்கள், தலையில் முக்காடு, அதன்மேல் மெழுகுவத்தி செருகும் கிண்ணம். எகிப்து தேசத்துப் பாணியாம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலை நடத்திய எங்கள் முதலாளிகளின் தகப்பனார் கல்கத்தாவில் ஆசையாக வாங்கியவை. அந்த வீட்டில் வேலை செய்த என் அக்கா, விவரம் தெரியாமல் புளி போட்டுத் தேய்த்ததில் ஒருத்தியின் முழங்காலில் மட்டும் முலாம் போய்விட்டது.

ஒருநாள் இரண்டையும் காணவில்லை. "அவளத் தவிர அந்த ரூமுக்கு யாரு போறா?" என்றார் சின்ன முதலாளி. பெரியவர் தம்பியை நம்பினார். ஆலை முற்றத்தில், எல்லோர் முன்னாலும், அக்காவின் கழுத்தில் செருப்பு மாலை போட்டார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த நான் ஈரத்தோலைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் அசையவில்லை. பள்ளிகொண்டாவில் அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வரவேயில்லை.

அந்த வேலையை விட்டு வேலூருக்குப் போய், சில வருஷங்களில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லர் ஆனேன். உள்ளறை அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பெண்களைக் கண்டேன். ஒருத்தியின் முழங்காலில் முலாம் இல்லை. பட்டாளத்து பூட்ஸ் தோல் காண்ட்ராக்ட் கேட்டு வந்தபோது ஆம்பூர் சின்ன முதலாளி கொடுத்ததாகத் துரைசானி சொன்னாள். துடைத்து அப்படியே வைத்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. காத்திருந்தேன்.

ஒருநாள் துரை அண்ணன் தம்பி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். பொழுது சாய்ந்ததும் மெழுகுவத்தி ஏற்றி, பெரியவரின் தட்டுக்கு நேர் எதிரே அவற்றை வைத்தேன். சின்னவர் என் முகத்தை அடையாளம் காணவில்லை. வேலைக்காரன் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? பெரியவர் வெகுநேரம் அவற்றையே பார்த்தார்.

"அழகா இருக்கு இல்லே? உங்க தம்பி குடுத்தது!" என்றார் துரை, தெரிந்த தமிழில்.

சின்னவரின் கையிலிருந்த கரண்டி நழுவியது. சற்றுக் கழித்துச் சமையற்கட்டுக்கே வந்து, "நீ யார்றா? எதுக்குடா இப்படிப் பண்ணே?" என்றார்.

"நான் இன்னா பண்ணேன் முதலாளி? வெளக்கு ஏத்துனேன். எங்கக்காவ ஞாபகம் இருக்குதா?"

அந்த வாரமே, அதே முற்றத்தில், ஆட்கள் அத்தனை பேரையும் நிறுத்தி, தம்பியின் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்தார் பெரியவர். பிறகு அவரை ஆலையை விட்டே விலக்கினார். கூட்டத்தில் முன்வரிசையில் நின்று நான் பார்த்தேன். பழிவாங்குவது பாவம் என்பார்கள். எனக்கு அது இனித்தது.

அக்கா வரவில்லை. அந்த முற்றத்தில் இனிக் கால்வைக்க மாட்டேன் என்றிருந்தாள். நான் வீட்டுக்குப் போனதும் தன் எதிரே உட்காரச் சொன்னாள்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சி? மெதுவா சொல்லு."

சொன்னேன். முடித்ததும், "மறுபடி சொல்லு," என்றாள்.