தள்ளி உட்காரச் சொன்ன குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ கலக்குகிற ஆள் நான். மலேசியாவில், கிள்ளானில் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கிறேன். எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு எங்கேயோ ஒரு கழன்ற திருகு இருக்கும், அவ்வளவுதான் என் நம்பிக்கை. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எழுபதுகளில் வந்த சோல், ஃபங்க் என்கிற அமெரிக்கக் கறுப்பர் இசையின் தட்டுகளைத் தேடி வாங்குவது. பெரிய பெயர்கள் இல்லை, யாரும் கேட்காமலே போனவை. அந்தக் காலத்தில் கோலாலம்பூர் ஹோட்டல்களில் நம் பிள்ளைகளும் இந்த இசையை வாசித்தார்கள், ஒன்றிரண்டு பேர் சொந்தமாக இசைத்தட்டும் வெளியிட்டார்கள். கிள்ளானில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் அப்படி ஒன்று கிடைத்தது. அட்டையில் பெல்பாட்டம் போட்ட ஆண்கள், நடுவில் பெரிய வளையக் கம்மலோடு ஒரு பெண். எல்லோரும் தமிழர்கள், பாட்டெல்லாம் ஆங்கிலம். அந்தப் பெண்ணின் குரல், எப்படிச் சொல்வது, அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து பாடுவது போல இருந்தது. மாதக்கணக்கில் அதையே கேட்டேன். அதில் இருக்கும் கீறல்கள்கூட எனக்கு மனப்பாடம்.

அட்டையைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டதும், அதில் பேஸ் கிட்டார் வாசித்தவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார் என்று யாரோ எழுதினார்கள். வின்சென்ட் அங்கிள். பாடிய ஸ்டெல்லா அவர் மனைவி. போன் செய்து ஸ்டெல்லாவைப் பற்றிக் கேட்டேன்.

"தட்டு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே டெங்கி காய்ச்சல்ல போயிட்டா தம்பி. கேட்டா தாங்க மாட்டேன்னு ஒரு காப்பிகூட நான் வச்சிக்கல. இப்ப பாருங்க, மொகம் ஞாபகம் இருக்கு, குரல் போயிருச்சு. எவ்ளோ யோசிச்சாலும் வரல லா."

ஒரு மத்தியானம் தட்டையும் என்னுடைய சின்ன பிளேயரையும் எடுத்துக்கொண்டு போனேன். இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார். கூடத்தில் மெத்தை போட்ட நீளமான பிரம்பு நாற்காலி, அதன் நடுவில் அவர், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். வெளியே நல்ல மழை. பாட்டு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அழவில்லை. இடது கை விரல்கள் மட்டும் தொடை மேல் கிட்டார் தந்தியை அழுத்துவது போல அசைந்துகொண்டே இருந்தன. தட்டைத் திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் முடிந்தது, ஊசி வெறும் தடத்தில் கரகரவென்று சுற்றியது. தூக்கலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அதே குரல், தமிழில். வேலை முடிந்து களைத்து வந்தவள் சொல்வது போல. ஸ்பீக்கரிலிருந்து வந்ததா, கூடத்திலிருந்து வந்ததா, இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தட்டில் எங்குமே ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. நான் திகைத்து நிற்க, அங்கிள் திடுக்கிடவே இல்லை. தினமும் செய்கிறவர் போல ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். அவர் பக்கத்தில் இருந்த மெத்தை மெல்ல அமுங்கியது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, நான் பார்த்தேன்.

"அங்கிள்..."

"இரு தம்பி. நிறுத்தாத."

உள்ளங்கையை விரித்து மெத்தை மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஊசி சுற்றிக்கொண்டே இருந்தது. மழை விடுகிற நேரத்தில் மெத்தை பழையபடி எழும்பியது. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

"இதான் தம்பி. இந்தக் குரல்தான்."

தட்டை அவரிடமே விட்டுவிட்டேன். பிளேயரையும் வைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்கவில்லை.

"மெஷின் வேணாம், இந்த வயசுல ஊசிய சரியா வைக்க வராது. தட்டு பக்கத்துல இருந்தா போதும்."

சில வாரங்களில் அவர் போய்விட்டார். அந்தப் பிரம்பு நாற்காலியிலேயே, ஓரமாக உட்கார்ந்தபடி. அவருடைய பக்கத்து வீட்டு கமலா ஆன்ட்டிதான் எனக்குச் சொன்னார். அடக்கம் முடிந்து வந்த பிறகு தட்டை என்னிடம் கொடுத்தார்.

"பாவம், கடைசி நாள்ல அவர் வீட்ல தெனமும் அதே ஒரு பாட்டுதான் தம்பி. மத்தியானம் ஆனா ஒரு பொம்பள பாடும். அவ்ளோ நல்ல குரல்."

"அவர்கிட்ட பிளேயர் இல்லையே ஆன்ட்டி."

"அப்ப நான் என்ன கனவா கண்டேன்? இங்கிலீஷ் பாட்டே கேக்காதவ நான், எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

கிரில் கதவைப் பிடித்தபடி முதல் இரண்டு அடியை முணுமுணுத்துக் காட்டினார். அந்தத் தட்டில் இருக்கும் எந்தப் பாட்டும் அது இல்லை. பழைய தட்டு சேர்க்கிற நண்பர்களிடம் பாடிக் காட்டினேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். போன வாரம் சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஏர்கோன் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற வீட்டுக்காரம்மா, "நல்லா இருக்கே, என்ன பாட்டு அது?" என்று கேட்ட பிறகுதான் நான் பாடிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. கமலா ஆன்ட்டி பாடிக் காட்டியது இரண்டு அடிதான். நான் அதைத் தாண்டி, யாரிடமும் கேட்காத மீதி அடிகளையும் பாடி, பாட்டின் கடைசியில் இருந்தேன்.