வினிஃப்ரெட் ஊற்றிய திராட்சைச் சாறு

வினிஃப்ரெட் தேயருக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எபிஸ்கோப்பல் கோயிலில் பீடத்துக்குத் துணி விரிப்பதும் திருவிருந்துக்கு ஒயின் ஊற்றி வைப்பதும் அவள்தான். அந்தத் துணியில் ஒரு சுருக்கம் கண்டால் ஆண்டவரே முகத்தைச் சுளிப்பார் என்று நம்புகிறவள். ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பேராயருக்குப் பயப்படாதவர்கள்கூட அவளுக்குப் பயப்பட்டார்கள்.

அப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினார் புது ஆயர் கிராண்ட் லாஃப்டன். முப்பது வயது, கழுத்து வரை மூடிய கறுப்புச் சட்டை, கையில் கிட்டார். அறுபத்தேழாம் வருடத்துத் தவக்காலம் முழுக்க, புதன்கிழமைதோறும் கோயிலில் கொடுக்கிற சூப் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பாட்டுத்தான் பாடினார்.

"சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அன்பு! அந்த நேரத்துல, அந்த ஆளுக்கு, அன்பு என்ன கேக்குதோ அதுதான் சரி. மத்த விதியெல்லாம் சும்மா வழிகாட்டி."

"பீடத்துத் துணியை இஸ்திரி போடாம விரின்னு அன்பு கேட்டா?" என்றாள் வினிஃப்ரெட்.

"விரிச்சிட வேண்டியதுதான், மிஸஸ் தேயர்!"

அன்று அவள் சூப்பைத் தொடவில்லை. இந்த மனிதர் ஊரைக் கெடுத்துவிட்டுத்தான் போவார் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள்.

வீட்டில் தம்பி ஆர்லோ உட்கார்ந்திருந்தான். குடியால் பெண்டாட்டியைத் தொலைத்தவன், வேலையைத் தொலைத்தவன், ஊரார் கார்கள் இரண்டை ஆற்றுக்குள் இறக்கியவன். போன இலையுதிர் காலத்திலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை.

"அக்கா, ஈஸ்டருக்குக் கோயிலுக்கு வரணும்னு ஆசையா இருக்கு. ஆனா அந்த ஒயின் கிண்ணம் ஆள் ஆளா சுத்தி வருமே? வாயை வெச்சா நான் தொலைஞ்சேன். வெக்கலேன்னா, 'பாரு, குடிகாரன் பயப்படறான்'னு ஊரே வேடிக்கை பார்க்கும். நான் வரலே, விடு."

இப்போது வராவிட்டால் இவன் இனி எப்போதும் வரமாட்டான். கோயிலுக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் எங்கே போய் உட்காருவான் என்பது வினிஃப்ரெட்டுக்குத் தெரியும். அவன் தோளைத் தட்டி, "நீ வா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஈஸ்டர் அன்று விடிந்ததும் அவள் பண்ணிய காரியத்தை வேறு எவராவது பண்ணியிருந்தால் அவளே ஊரை விட்டுத் துரத்தியிருப்பாள். எதிர்வீட்டு மெதடிஸ்ட் அம்மாளிடம் ஒரு பாட்டில் திராட்சைச் சாறு கடன் வாங்கினாள். மதுவைத் தொடாத மெதடிஸ்டுகள் திருவிருந்தில் ஒயினுக்குப் பதில் ஊற்றுகிற சாறு! அதைச் சொல்லிச் சொல்லித்தான் எபிஸ்கோப்பல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து வந்தார்கள். அதை வெள்ளிக் குடுவையில் ஊற்றினாள்.

ஆயர் ஜெபம் சொல்லி முடித்து முதல் வாய் பருகினார். கண் அகல விரிந்தது. திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில், ஆர்லோவின் பக்கத்தில், வினிஃப்ரெட் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பூத்தொப்பி போட்ட சனம் அதற்குள் வந்து மண்டியிட்டாயிற்று. வேறு வழியில்லாமல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே போனார். பருகிய ஒவ்வொருவர் புருவமும் ஏறி இறங்கியது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூரையே இடிந்து விழுந்தாலும் பாடல் முடியட்டும் என்று காத்திருக்கிற ஜனம் அது.

ஆராதனை முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் ஆயர் வெடித்தார்.

"இது செல்லவே செல்லாது! ஒயின்தான்னு விதிப் புத்தகத்துல தெளிவா இருக்கு!"

"விதியா? அதெல்லாம் சும்மா வழிகாட்டின்னு சொன்னது யாரு?"

"அது போர், அணுகுண்டு மாதிரி பெரிய விஷயத்துக்கு, மிஸஸ் தேயர்!"

"ஓஹோ. எங்க ஊரு சைஸுக்கு, குடியை விட்ட என் தம்பிக்கு, உங்க அன்பு வராதோ?"

ஆயர் முகம் சிவந்துபோனார். "உங்க தம்பி அப்பம் மட்டும் வாங்கிக்கலாமே. அதுவே முழு விருந்துதான். அதுக்கும் விதி இருக்கு" என்று முணுமுணுத்தார்.

ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தவளிடம் ஆர்லோ தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான். "என் மூக்கு இன்னும் சாகலே, அக்கா. கிண்ணம் மூணு ஆளு தள்ளி இருக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்காக ஊரையே ஏமாத்தியிருக்கே. நான் சாறா கேட்டேன்? ஊரே பார்க்க தனியா நிக்க பயமா இருக்குன்னுதானே சொன்னேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்பு என்ன கேட்கிறது என்று எல்லாவற்றையும் யோசித்தவள், தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு குடுவை நிறைய அசல் ஒயின், இனிப்பும் காரமுமான கெட்டிச் சரக்கு. ஆர்லோ அப்பத்தை வாங்கிக்கொண்டு, கிண்ணம் வந்ததும், வேண்டாம் என்பதற்கு அடையாளமாகக் கைகளை மார்பில் குறுக்கே மடித்துத் தலை குனிந்தான். காது மடல் சிவந்திருந்தது. அடுத்து வினிஃப்ரெட். முப்பது வருடமாக ஒரு ஞாயிறும் கிண்ணத்தை விடாதவள், அவளும் கைகளை மடித்தாள். அவளுக்கு அடுத்திருந்த வங்கி மேலாளர் பிக்கரிங் ஒருமுறை இருமினார். பிறகு அவரும் மடித்தார். அவர் மனைவி மடித்தாள். அடுத்தடுத்து வந்தவர்களும் ஏன், எதற்கு என்று கேட்காமல் மடித்தார்கள். கிண்ணம் நிரம்பியது நிரம்பியபடியே பீடத்துக்குத் திரும்பிப் போனது.

மிஞ்சிய திருவிருந்து ஒயினைக் கீழே கொட்டக் கூடாது. ஆயரே குடித்துத் தீர்க்க வேண்டும். அதுவும் விதிதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத லாஃப்டன் கிண்ணத்தைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், ஆர்லோவைப் பார்த்தார். பிறகு பயபக்தியோடு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

ஆசீர்வாதத்தை இரண்டு தரம் கொடுத்தார். வாசலில் எல்லோருக்கும் கை குலுக்கினார், கதவுக்கும் குலுக்கினார். பிறகு சட்டைப் பையைத் துழாவிக் கார்ச் சாவியை எடுத்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நீட்டினார்.

"ஆர்லோ, என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுடறீங்களா? இந்தக் கூட்டத்துலேயே நீங்க ஒருத்தர்தான் நம்பகமான ஆளுன்னு தோணுது."

"மத்தவங்களும் குடிக்கலையே, ஃபாதர்."

"அவங்க இன்னிக்கு மட்டும்தானே குடிக்கலே!"

அந்த ஊரில் ஆர்லோவின் கையில் ஒருவர் சாவி கொடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வினிஃப்ரெட் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். அது கசங்கிக் கிடந்தது. அதிலேயே துடைத்துக்கொண்டாள்.