காப்பியில் கலந்த மருந்து

ஒரு நோயாளிக்குத் தெரியாமல் அவர் காப்பியில் மருந்து கலக்கச் சொன்னவன் நான். கோவையில் மனநல மருத்துவனாக இருந்தபோது அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஊருக்குள் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். சலவைச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். மனைவி சோற்றில் விஷம் வைக்கிறாள் என்ற சந்தேகமே அவருடைய நோய். நான் கொடுத்த மாத்திரையைச் சில நாள் போட்டுவிட்டு, இனி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்க இந்தப் படித்த மேதைக்குப் பொறுமையில்லை. ருசி தெரியாத சொட்டுமருந்தை அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். இல்லாத விஷத்தை இருப்பதாக்கிய வைத்தியம்.

பிறகொரு நாள் அவரே கேட்டார்: "ஏனுங்க டாக்டரு, காப்பியில என்னமோ கலக்கறாங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எல்லாம் பிரமை" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கும்பிடு தாங்காமல் அவர் வீட்டுக்கே போய், மனைவியின் எதிரில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"முன்னக் குடுத்த மாத்திரையில கை நடுங்குச்சுங்க. லேத்துல நிக்கறவன் என்ன பண்றதுங்க? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே" என்றார்.

மருந்தை மாற்றினேன். தானே போட்டுக்கொள்கிறார். என்னை மன்னித்தும் விட்டார். நான் சொன்னதைச் செய்த அந்த அம்மாளைத்தான் மன்னிக்கவில்லை. இன்றுவரை தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்கிறார்.