பாஸ்வேர்ட் டீச்சர்

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் எந்த ஆசிரியர் கணினி முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்தாலும், பக்கத்தில் இருப்பவர், "பாஸ்வேர்ட் டீச்சருக்கு ஒரு போன் போடுங்களேன்" என்பார். போன் வரும்போது டீச்சர் பெரும்பாலும் பேருந்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "முதல் எழுத்து பெருசா போட்டீங்களா சார்? இல்ல, அது சின்னது. பெருசு, பெருசு" என்று கத்துவார். பேருந்தே திரும்பிப் பார்க்கும்.

உண்மையில் அவர் கணக்கு டீச்சர். கரும்பலகையும் சாக்பீஸும் போதும், பின்னத்தைப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்படி நடத்துவார். ஒருமுறை ஆசிரியர் கூட்டம் ஒன்றில் புரொஜெக்டர் வேலை செய்யாமல் மேடையில் இருந்தவர்கள் எல்லாம் அதைத் தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருந்தபோது, இவர் எழுந்துபோய்த் தளர்ந்திருந்த ஒயரை அழுத்திச் செருகிவிட்டு வந்தார். அவ்வளவுதான் செய்தார். கல்வி அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். பள்ளிகளுக்கு டேப் எனும் கையடக்கக் கணினி கொடுத்துப் பாடம் நடத்தும் திட்டம் வந்தபோது, பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குத் துணையாக இருக்க ஆள் தேடினார்கள். "நம்ம புரொஜெக்டர் மேடம் இருக்காங்களே" என்றார் அதிகாரி. ஒரு வருஷத்துக்குத்தான் என்றார்கள். அந்த ஒரு வருஷம் பிறகு முடியவே இல்லை.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாயங்காலம் இருவரும் வீட்டில் எதிரெதிரே உட்காரும்போது அவர் கேலி செய்வார்: "எனக்கு ரிப்பேர் வண்டியெல்லாம் தானா வந்து நிக்குது. நீதான் ரிப்பேரைத் தேடி ஊர் ஊராப் போறே." முதல் வருஷம் டீச்சர் இதற்குச் சிரித்தார். பிறகு சிரிக்கத் தெம்பில்லாமல் காலை நீட்டிப் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மகள் கணக்கில் சந்தேகம் கேட்டு வருவாள். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் தலை தொங்கிவிடும். மகள் பென்சிலை அம்மா விரலிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு போய்விடுவாள். தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லக்கூட விழித்திருக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட உறுத்தியது.

வேலை என்று எடுத்துக்கொண்டால், பயிற்சியில் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. டேப்பை வைத்துப் பாடத்தை எப்படிப் புதிதாக நடத்தலாம் என்று பேசத்தான் போவார். போனால் சார்ஜ் போட பிளக் இருக்காது. பிளக் இருந்தால் நெட் இருக்காது. இரண்டும் இருந்தால் ஆசிரியர் விடுப்பில் இருப்பார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் எல்லாமே இருந்தன. ஆனால் அங்கே தலைமையாசிரியை டேப்புகளை இரும்பு பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். ஒவ்வொரு முறையும் டீச்சரை அன்பாக உட்கார வைத்து, டீ வரவழைத்து, "அடுத்த வாரம் எடுத்துடலாம் டீச்சர், பரீட்சை முடியட்டும்" என்பார். பரீட்சை முடியும். அடுத்த பரீட்சை வரும்.

செங்கல் சூளைகளுக்கு அந்தப்பக்கம் இருந்த பள்ளி வேறு மாதிரி. அங்கே மொழி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் முறைப்பு சார். டீச்சர் முதல் தடவை போனபோது அவர் டேப்பை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இந்தக் கண்ணாடியைத் தேய்ச்சா பிள்ளைங்களுக்குப் படிப்பு வந்துருமா?"

இதற்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பயிற்சியில் மனப்பாடம் பண்ண வைத்திருந்தார்கள். வெயிலில் சூளை மண்ணை மிதித்து வந்திருந்த டீச்சருக்கு அது ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"வராது சார்" என்றார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

முறைப்பு சார் ஒரு கணம் விழித்தார். பிறகு தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும், "வராதுன்னு தெரிஞ்சும் ஏம்மா இவ்வளவு தூரம் வர்றீங்க?" என்று கேட்டார்.

"அது தானா சொல்லித்தராது சார். நீங்க சொல்லித்தர்றதுல எங்கயாவது கை வலிச்சா, அந்த இடத்துல பிடிச்சுவிடுமான்னு பார்க்கலாம். உங்களுக்கு எங்க வலிக்குது?"

அவர் யோசித்தார். "வாய் விட்டுப் படிக்க வைக்கிறதுதான். வகுப்பு முழுக்கப் பிள்ளைங்க. ஒவ்வொருத்தர் படிக்கிறதையும் உட்கார்ந்து கேட்க எனக்கு நேரம் எங்க இருக்கு? கூச்சப்படறதுங்க தப்பிச்சுக்கிட்டே போயிடுதுங்க."

அன்றைக்கு அவருக்கு டீச்சர் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் குரல் பதிவாகும், மறுபடி அழுத்தினால் நிற்கும். நெட்டே வேண்டாம். அடுத்த முறை போனபோது வேப்ப மரத்தடியிலும் சுவரோரமும் சைக்கிள் கொட்டகையிலும் பிள்ளைகள் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியே சந்தை மாதிரி இரைந்தது. முறைப்பு சார் டேப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைகளும் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுவிட்டு, "ஐயே, நானா இப்படிப் படிக்கிறேன்?" என்று அழித்துவிட்டு மறுபடி படித்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் அவள் வாயைத் திறந்ததில்லை. ஆசிரியர்களும் பாவம் என்று விட்டுவிட்டார்கள். அவள் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்து படிப்பாள், அழிப்பாள், படிப்பாள், அழிப்பாள். பல வாரம் கழித்து ஒருநாள், படித்ததை அழிக்காமல் டேப்பைக் கொண்டுவந்து முறைப்பு சார் மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனாளாம். இதைச் சொல்ல அவர் டீச்சருக்குப் போன் செய்தார். பேருந்து இரைச்சலில் பாதிதான் கேட்டது. மீதியை டீச்சர் திருப்பிக் கேட்கவில்லை, அவர் குரலே போதுமாக இருந்தது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு பாஸ்வேர்ட் கேட்காமல் வந்த முதல் அழைப்பு அது.

இப்படி ஒரு இடத்திலாவது வேர் பிடித்துவிட்டது என்று அவர் மூச்சுவிட்ட நேரத்தில் திட்டம் முடிந்துவிட்டது. அடுத்த திட்டத்துக்கு வேறு கம்பெனி, வேறு மாதிரி டேப், வேறு பயிற்சி. பழைய டேப்புகளில் இருப்பதை எல்லாம் அழித்து, அவற்றைத் திரும்ப வாங்கி வரவேண்டும். யார் வாங்குவது? கொடுத்தவரே வாங்கட்டும் என்றார்கள்.

போன இடமெல்லாம் ஏச்சு. "பழக்கிவிட்டதும் நீங்க, பிடுங்கிட்டுப் போறதும் நீங்களா?" என்றார் ஒருவர். டீச்சர் டேப்புகளைப் பைகளில் அடுக்கினார். பஸ் நிலையப் பள்ளியில் தலைமையாசிரியை பீரோவைத் திறந்து, கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாத டேப்புகளைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். சூளைப் பள்ளியில் கிடைத்தவை பார்க்கச் சகிக்கவில்லை. மூலை நசுங்கியவை, கண்ணாடியில் கீறல் விழுந்தவை, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியவை.

முறைப்பு சார் அன்று முறைக்கவில்லை. "குரலெல்லாம் போயிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு பென் டிரைவ்ல ஏத்தித் தர்றேன் சார்."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தபோது, கதவோரம் அந்தப் பெண் வந்து நின்றாள். டீச்சர் ஏற்றுவதை நிறுத்தினார். இந்தக் குழந்தைக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்வது?

"உன்னோடதைப் பத்திரமா எடுத்து வச்சுட்டேன்மா. போகாது."

அவள் தலையை ஆட்டினாள். "வே... வேண்டாம் டீச்சர். அழிச்சிடுங்க."

"ஏன்மா?"

"அதுல நான் நல்லா ப... படிக்கல. இப்போ அதைவிட நல்லா படிப்பேன்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். படித்துக் காட்டுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. அவள் முன்னாலேயே அந்தப் பதிவுகளை அழித்தார். முறைப்பு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் அதிகாரி டேப்புகளைப் பார்வையிட்டார். பஸ் நிலையப் பள்ளியின் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "பொருளை எப்படிக் காப்பாத்தணும்னு இவங்ககிட்டக் கத்துக்கோங்க. சூளைப் பள்ளியைப் பாருங்க, குப்பையாக்கி வச்சிருக்காங்க. புது டேப் முதல்ல இவங்களுக்குத்தான்" என்றார். தலைமையாசிரியை முகம் மலர்ந்தது.

டீச்சர் பேசுவதாகவே இல்லை. கடைசி வரிசையில் சுவரில் தலையைச் சாய்த்து, கூட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் இருந்தார். எழுந்து நின்ற பிறகுதான் எழுந்துவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது.

"சார், அது உடையாம இருக்குன்னா, யாரும் தொடலைன்னு அர்த்தம். ஒரு பிள்ளைகூடத் தொடலை. குப்பைன்னு சொன்னீங்களே, அதுலதான் சார் பிள்ளைங்க படிச்சாங்க."

அதிகாரி தொண்டையைச் செருமி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் தலைமையாசிரியை அவரைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே டீச்சர். நான் என்ன, வேணும்னேவா பூட்டி வச்சேன்? எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த அம்மா, ஒரு மைக் காணாமப் போனதுக்கு ஓய்வு பெற்ற பிறகும் பென்ஷனுக்காக இந்த ஆபீஸ் வாசல்ல நின்னாங்க. நான் கண்ணால பார்த்தேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சா யாரு எனக்காக வந்து பேசுவாங்க? நீங்க பேசுவீங்களா?"

டீச்சருக்குச் சட்டென்று எல்லாக் கோபமும் வடிந்துபோனது. இத்தனை முறை டீ குடித்தும், ஏன் பயப்படுகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது. முறைப்பு சாரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு, இங்கே கேட்கத் தோன்றவில்லை.

"பேசுறேன் மேடம்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. களைப்புல வார்த்தை தடிச்சுப்போச்சு. புதுசு வந்ததும் நானே வந்து முதல் நாள் வகுப்புல உங்க கூடவே உட்கார்றேன்."

புதுசு வந்தது. சூளைப் பள்ளிக்கும் வந்தது, எல்லோரையும்விடக் குறைவாக. முறைப்பு சார் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்து, ஒருத்தர் படிப்பதை இன்னொருத்தர் கேட்கும்படி மாற்றிக்கொண்டார். மறுபடி கணக்கு வகுப்புக்கே போகிறேன் என்று டீச்சர் அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். "உங்களை விட்டா யாருக்கு இதெல்லாம் தெரியும்?" என்று அவர் பாராட்டுவது போலச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பாராட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வரை வருவதற்குள் டீச்சருக்குத் தோள் வலித்தது. கணவர் சுடச்சுட டீ போட்டு வைத்தார். மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து, "முதல்ல தூங்கும்மா. காலையில சொல்லிக் கொடு" என்றாள்.

சொன்னபடி டீச்சர் பஸ் நிலையப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தார். தலைமையாசிரியை வகுப்பு முடியும்வரை வாசலை மறித்துக்கொண்டு நின்றார், பிள்ளைகளையல்ல, டேப்புகளையே பார்த்தபடி. அடுத்தடுத்த வாரங்களில் வாசலிலிருந்து நாற்காலிக்கு வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து பிள்ளைகள் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

ஒருநாள் மதியம், டீச்சர் பேருந்தில் இருக்கும்போது தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு."

"பிள்ளைக்குக் கையில குத்தலையே?"

"இல்ல, இல்ல."

"அப்போ விடுங்க மேடம். நான் இருக்கேன்ல, பேசிக்கலாம். வகுப்பை நிறுத்தாதீங்க."

அந்தப்பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "சரி டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த ஒன்றுக்காக ஆபீஸில் எத்தனை பேரிடம் நிற்க வேண்டியிருக்குமோ என்று டீச்சர் மனசுக்குள் கூட்டிப் பார்க்க ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டார். ஜன்னலோரம் ஒரு இடம் காலியானது. போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னும் தூரத்தில் இருந்தது.